ஜெபம் பண்ணியாச்சு, பதில் இன்னும் வரலை: நடுவில் இருக்கும் நாட்களில் என்ன செய்வது

தமிழ்நாடு–கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையிலிருந்து பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் போகிற காலை பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தால், ஏதோ ஒரு பதிலுக்காகப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று புரியும். ஒருவர் ஆர்சிசி புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் ரிசல்ட் வாங்கப் போகிறார். ஒரு தம்பி கல்ஃப் விசாவுக்கு மெடிக்கல் எடுக்க. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லாத ஒரு ஜோடி, கையில் பெரிய ஃபைலோடு. அரசு வேலைக்கான பிஎஸ்சி தேர்வு ரேங்க் லிஸ்டில் பெயர் இருந்தும் ஆர்டர் வராத ஒரு அக்கா. இவர்களில் ஐயரிடம் (சபைப் போதகரைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம்) ஜெபிக்கச் சொன்னவர், கத்தோலிக்க அச்சனிடம் நவநாள் என்ற ஒன்பது நாள் ஜெபத்துக்குப் பெயர் கொடுத்தவர், பாஸ்டரிடம் தலையில் கைவைத்து ஜெபம் வாங்கியவர் எல்லாரும் உண்டு. சிலர் மூன்று இடத்திலும் போயிருப்பார்கள், எல்லையோரத்தில் இது ஒன்றும் புதிதல்ல.

"கேளுங்கள், அப்பொழுது உங்களுக்குக் கொடுக்கப்படும்" என்பதை சண்டே ஸ்கூலிலேயே மனப்பாடம் பண்ணிவிட்டோம். கேட்டதற்கும் கொடுக்கப்படுவதற்கும் நடுவில் நாலைந்து வருஷம் விழுந்தால் அந்த நாலைந்து வருஷம் எப்படிச் சாப்பிடுவது, எப்படித் தூங்குவது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எந்த முகத்தோடு உட்காருவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பதிலைச் சீக்கிரம் வரவைக்கும் வழி இதில் கிடையாது; அப்படி ஒரு வழி தன்னிடம் இருப்பதாகச் சொல்கிறவர் பெரும்பாலும் கையில் காணிக்கைக் கவரையும் வைத்திருப்பார்.

என்ன கேட்டோம் என்று முதலில் தெரியட்டும்

ஒரு நோட்டு எடுங்கள். பழைய டைரி, பிள்ளைகளின் பாதி எழுதிய நோட்டு, எதுவாக இருந்தாலும் போதும். நீங்கள் கேட்பது என்ன என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள், பக்கத்தில் தேதி போடுங்கள். எளிதாகத் தெரியும், எழுத உட்கார்ந்தால் கை நிற்கும். "ஆண்டவரே எங்கள் குடும்பத்தை ஆசீர்வதியும்" என்று வருஷக்கணக்காக ஜெபிக்கிறவருக்கு அந்த ஆசீர்வாதம் வந்துவிட்டதா இல்லையா என்று எப்படித் தெரியும்? எரிகோ வழியில் பர்திமேயு கத்திக் கூப்பிட்டபோது இயேசு அவனை அழைத்து, நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்றுதான் கேட்டார். குருடன் எதைக் கேட்பான் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் அவன் வாயால் சொல்ல வேண்டியிருந்தது, பார்வை வேண்டும் என்று.

எழுதியதைத் திரும்பப் படித்தால் சில சமயம் உள்ளே வேறொன்று இருப்பது தெரியும். "எனக்கு இந்த வருஷம் கல்யாணம் ஆக வேண்டும்" என்று எழுதியிருப்பீர்கள். அதற்குள்ளே "அம்மா இதை நினைத்து அழுவது நிற்க வேண்டும்" என்பது ஒளிந்திருக்கும். அது தனி விண்ணப்பம், அதைத் தனியாக எழுதுங்கள். அதற்குப் பதில் வேறு வழியில், இன்னும் சீக்கிரமாகக்கூட வரலாம்.

அப்புறம், இந்தக் காரியம் எதைச் சார்ந்திருக்கிறது என்றும் பாருங்கள். ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, ரிப்போர்ட் அச்சாகிவிட்டது என்றால் நீங்கள் காத்திருப்பது செய்திக்காக. அப்போது கேட்க வேண்டியது அதைத் தாங்கும் பெலன். கணவர் குடியை விட வேண்டும் என்றால் நடுவில் இன்னொரு மனுஷனுடைய மனசு இருக்கிறது, அவரை நூல் கட்டிய பொம்மை மாதிரி ஆட்டி வைக்கும்படி கடவுளிடம் கேட்க முடியாது. மழை விஷயத்தில் நம்ம ஊரில் நடப்பது இன்னும் வேடிக்கை. விளவங்கோடு பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர் காலையில் மழை பெய்யக்கூடாது என்று ஜெபிப்பார், நாலு மைல் தள்ளி குளத்துப் பாசனத்தில் நெல் போட்டவர் மழை வேண்டும் என்று ஜெபிப்பார், இருவரும் ஒரே சபையில் ஒரே பெஞ்சில்கூட உட்கார்ந்திருப்பார்கள். பதில் தாமதமானால் அதற்கு உங்கள் விசுவாசக் குறைவைத்தான் காரணம் சொல்ல வேண்டும் என்பதில்லை என்று அந்த பெஞ்சைப் பார்த்தாலே விளங்கும்.

தேதி குறிக்காதீர்கள், யாரையும் குறிக்கவும் விடாதீர்கள்

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்போம் இல்லையா, அதில் அதிகம் வருகிற வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று தொடங்குவது. ஃபிரிட்ஜில் ஒட்டுவோம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவோம். தப்பில்லை. ஆனால் அட்டையில் அச்சடிக்காத முந்தின வசனத்தையும் ஒருதரம் படியுங்கள்: பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அதைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பலர் அந்த முடிவைப் பார்க்காமலே பாபிலோனில் செத்துப்போயிருப்பார்கள். வாக்குத்தத்தம் பொய்யாகிவிடவில்லை, அதன் கணக்கு அவர்கள் ஆயுசைவிட நீளம், அவ்வளவுதான்.

அதற்கு முந்தின அதிகாரம் இன்னும் முக்கியம். அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக, பாபிலோனுக்குக் கொண்டுபோனதெல்லாம் இரண்டே வருஷத்தில் திரும்பி வரும் என்று சொன்னான். ஜனங்களுக்கு யார் பேச்சு பிடித்திருக்கும்? எழுபது சொன்ன எரேமியாவா, இரண்டு சொன்ன அனனியாவா? இன்றைக்கும் அதே கதைதான். "இந்த மாதம் 30-ஆம் தேதிக்குள் உனக்கு விசா, கர்த்தர் காட்டினார்" என்று யாராவது தலையில் கைவைத்துச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வேலையை ராஜினாமா செய்யாதீர்கள், ஏஜெண்டுக்கு வட்டிக்கு வாங்கிக் கட்டாதீர்கள். சின்னத் தேதி சொல்கிறவர் எல்லாரும் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை, உங்கள்மேல் உள்ள பாசத்தில் சொல்கிறவரும் உண்டு. ஆனால் 31-ஆம் தேதி காலையில் தனியாக உட்கார்ந்திருக்கப் போவது நீங்கள்தான்.

நாமே தேதி குறித்து அவசரப்பட்டால் என்னாகும் என்பதற்கு வேதத்தில் ஆட்கள் உண்டு. ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது வயது 75. ஈசாக்கு பிறந்தபோது 100. நடுவில் பத்து வருஷம் போனதும் பிள்ளைக்காகப் பொறுக்க முடியாமல் வேலைக்காரி ஆகாரை வைத்து ஒரு ஏற்பாடு பண்ணினார்கள், 86-இல் இஸ்மவேல் பிறந்தான். அந்த ஏற்பாட்டின் விலையைக் கடைசியில் கொடுத்தது ஆபிரகாமும் சாராளுமா? ஒரு துருத்தித் தண்ணீரோடும் கொஞ்சம் அப்பத்தோடும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வனாந்தரத்துக்குப் போன ஆகார்தான் கொடுத்தாள். நம்முடைய அவசரத்துக்கு அடுத்தவர் பணம் கட்டுவது நம் வீடுகளிலும் நடக்கிறது, "வயசு போகுது" என்று விசாரிக்காமல் கட்டிவைத்த கல்யாணங்களைக் கேட்டுப் பாருங்கள். சவுல் ராஜாவின் கதை அதைவிடச் சின்னது. ஏழு நாள் காத்திருந்தான், பலி செலுத்த வேண்டிய தீர்க்கதரிசி சாமுவேல் வரவில்லை, படை கலைகிறது, தானே பலி செலுத்தினான். செலுத்தி முடிக்கிற நேரத்தில் சாமுவேல் வந்து நிற்கிறார்.

பொருத்தனை (நேர்ச்சை) பண்ணலாமா என்று கேட்பார்கள். குழந்தை இல்லாத அன்னாள் பண்ணினாள், ஆகவே கூடாது என்று சொல்ல நான் யார். ஆனால் உங்களால் நிறைவேற்ற முடிந்ததை மட்டும் சொல்லுங்கள், உங்கள் பிள்ளை நிறைவேற்ற வேண்டியதை நீங்கள் சொல்லாதீர்கள். ("இவன் பிறந்தா ஊழியத்துக்குன்னு நேர்ந்தேன்" என்று சொல்லப்பட்டு வளர்ந்து, இன்ஜினியரிங் படிக்க ஆசைப்பட்டு குற்ற உணர்வில் தவிக்கிற பையன்கள் எங்கள் பக்கம் உண்டு.)

கை சும்மா இருக்க வேண்டாம்

ஜெபம் பண்ணிவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் விசுவாசம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. பாரசீக ராஜாவிடம் வேலை பார்த்த நெகேமியாவைப் பாருங்கள். எருசலேமின் அலங்கம் (மதில்) இடிந்துகிடக்கிற செய்தி கிஸ்லேவு மாதத்தில் வருகிறது, அழுது உபவாசம் பண்ணுகிறார். ராஜாவிடம் பேச வாய்ப்பு கிடைப்பது நிசான் மாதத்தில், அதாவது ஏறக்குறைய நாலு மாதம் கழித்து. ராஜா உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டதும் மனசுக்குள் ஒரு நொடி ஜெபம், உடனே வாயிலிருந்து முழுப் பட்டியல் வருகிறது: இத்தனை நாள் விடுப்பு, வழியில் உள்ள அதிபதிகளுக்குக் கடிதம், வனக்காவலன் ஆசாப்புக்கு மரம் தரச்சொல்லி இன்னொரு கடிதம். நாலு மாதமும் அழுதுகொண்டே மட்டும் இருந்தவருக்கு மரம் யார் பொறுப்பில் இருக்கிறது என்று தெரிந்திருக்குமா? வாசல் திறந்தால் என்ன கேட்பது என்று நீங்களும் இப்போதே தயார்செய்து வையுங்கள். வேலைக்கு ஜெபிக்கிறவர் சர்டிஃபிகேட்டில் பெயர், இனிஷியல் எல்லாம் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கட்டும். நம்ம பக்கத்தில் ஒரு சர்டிஃபிகேட் தமிழ்நாட்டிலும் இன்னொன்று கேரளாவிலும் வாங்கியவர்களுக்கு இந்தத் தலைவலி நன்றாகத் தெரியும்.

நோய் விஷயத்தில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன்: ஜெபித்துவிட்டோம் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள், கீமோ தேதியைத் தள்ளாதீர்கள், இன்சுலின் போடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்காதீர்கள். எசேக்கியா ராஜா சாகக்கிடந்து சுவரைப் பார்த்து அழுது ஜெபித்தார், ஆண்டவர் ஆயுசில் பதினைந்து வருஷம் கூட்டித் தந்தார், அதே மூச்சில் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து கட்டியின்மேல் பற்றுப் போடச் சொல்கிறார். பதில் வந்த பிறகும் மருந்து உண்டு. நம்ம மண்ணுக்கே இது புதிய பாடமா? நெய்யூரில் மிஷன் ஆஸ்பத்திரி வேலை 1838-இலேயே தொடங்கிவிட்டது. 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்த டாக்டர் சாமர்வெல் நெய்யூரைப் பார்த்துவிட்டு, இங்கேயே வந்து ஆபரேஷன் செய்யத் தங்கினார். கத்தியும் ஜெபமும் ஒரே கூரைக்குக் கீழே இருந்த ஊர் இது. மருந்தை விடு என்று உங்களிடம் சொல்கிற ஊழியக்காரரை விடுவது நல்லது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். மயிலாடிக்காரர் மகராசன் சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர், தஞ்சாவூரில் சுவிசேஷத்தைக் கேட்டு ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கமாக ஊர் திரும்பினார். திருவிதாங்கூரில் தங்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்பதுதான் அவருடைய விண்ணப்பம். அது உடனே நடக்கவில்லை. மிஷனரி ரிங்கல்தௌபே 1806-இல் வந்து சேருகிறவரை வேதமாணிக்கம் சும்மா இருந்தாரா? தான் கேட்டதைச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி, வீட்டிலேயே கூடி ஜெபித்து, ஒரு சின்னக் கூட்டத்தையே சேர்த்து வைத்திருந்தார். மிஷனரி வந்த பிறகும் கிறிஸ்தவக் கோயில் கட்ட அனுமதி உடனே கிடைத்துவிடவில்லை, மயிலாடியில் கோயில் எழும்பியது 1809-இல். இன்று குமரியிலும் நெய்யாற்றின்கரைப் பக்கத்திலும் உள்ள எத்தனையோ சபைகள் தங்கள் கதையை அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

தினமும் என்ன சொல்லி ஜெபிப்பது

முதல் மாதம் வார்த்தை தானாக வரும். ஒரு வருஷம் போனால் சொன்னதையே சொல்லி உங்களுக்கே அலுத்துவிடும். அப்போது சொந்த வார்த்தையை விட்டுவிட்டு சங்கீதத்தை எடுங்கள். 13-ஆம் சங்கீதம் ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று கேள்வியாகத்தான் ஆரம்பிக்கிறது, அதே "எதுவரைக்கும்" இரண்டு வசனத்துக்குள் நாலு தரம் வருகிறது. கடவுளிடம் இப்படிப் பேசலாமா என்று பயப்படாதீர்கள், பேசியவர் தாவீது. கடைசியில் அவர் பாடிவிடுகிறார், சரி, உங்களுக்கு இன்னும் பாட வரவில்லை என்றால் 88-ஆம் சங்கீதத்துக்குப் போங்கள். அது துதியிலும் முடியாது, நன்றியிலும் முடியாது. அறிமுகமானவர்களெல்லாம் மறைந்துபோனார்கள் என்ற புலம்பலோடு அப்படியே நின்றுவிடும். அதையும் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்றால் அந்த மனநிலையில் இருக்கிறவருக்கும் ஜெபிக்க இடம் உண்டு என்றுதான் அர்த்தம். லாசரு செத்தபோது மார்த்தாள் ஒருதரம், மரியாள் ஒருதரம், இருவருமே இயேசுவிடம் நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்கமாட்டான் என்றார்கள். அவர் அவர்களைக் கண்டிக்கவில்லை. கண்ணீர் விட்டார்.

அதுவும் முடியாத நாள் வந்தால் கர்த்தர் கற்பித்த ஜெபம் போதும், மெதுவாகச் சொன்னால் ஒரு நிமிஷம் ஆகும். கத்தோலிக்க வீடுகளில் ஜெபமாலை கையில் இருப்பதன் வசதி இதுதான், வார்த்தை தேட வேண்டாம், விரல் நகர்ந்தால் போதும். ரோமர் 8-இல் பவுல், என்ன வேண்டிக்கொள்வது என்று நமக்குத் தெரியாதபோது ஆவியானவரே பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்கிறார். அந்த வசனத்தை நம்பி ஒன்றும் சொல்லாமல் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்கலாம்.

உபவாசம் பற்றிச் சுருக்கமாக. தானியேலின் 21 நாளைச் சொல்லி நிறைய உபவாசக் கூட்டங்கள் நடக்கின்றன. பத்தாம் அதிகாரத்தைப் படித்தால் அவர் விட்டது ருசியான உணவு, இறைச்சி, திராட்சரசம். பட்டினி என்று அங்கே இல்லை. அதைவிட முக்கியமாக, தூதன் வந்து சொல்வது என்ன? நீ மனதைச் செலுத்தின முதல் நாளிலேயே உன் வார்த்தை கேட்கப்பட்டது என்கிறான். 21-ஆம் நாள்தான் கேட்கப்பட்டது என்றில்லை. ஆகவே வயிற்றைக் காயப்போட்டுப் பதிலை விலைக்கு வாங்குகிறோம் என்ற எண்ணம் இருந்தால் அன்றைக்குப் பேசாமல் கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மீனும் சாப்பிடுங்கள்.

உண்மையில் சாப்பாடு என்பதே இந்த விஷயத்தில் பெரிய காரியம். அன்னாள் சீலோவில் அழுது, சாப்பிடாமல் இருந்து, தேவாலயத்தில் உதடு மட்டும் அசைய ஜெபித்தாள். ஏலி ஆசாரியன் ஒரு வார்த்தை சொன்னார், அவள் போய்ச் சாப்பிட்டாள், "அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை" என்று இருக்கிறது. அவள் கேட்ட பிள்ளை சாமுவேல் இன்னும் கருவில்கூட இல்லை. ஜெபித்து எழுந்த பிறகு சாப்பிட முடிகிறதா, ராத்திரி தூங்க முடிகிறதா என்று கவனியுங்கள். வாரக்கணக்கில் இரண்டும் முடியவில்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை, செத்தால் தேவலை என்று தோன்றுகிறது என்றால் சபை ஐயரிடம் சொல்லுங்கள், கூடவே ஒரு மனநல டாக்டரையும் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அத்திப்பழ அடை மாதிரிதான் அதுவும்.

சுற்றி இருப்பவர்கள்

காத்திருப்பதில் பாதிக் கஷ்டம் ஆட்களால்தான். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால் வாசலில் ஒரு பெரியம்மா நிற்பார், "ஒண்ணும் விசேஷம் இல்லியா மக்கா?" என்பார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, ஆனால் வாராவாரம் கேட்டால் யாருக்குத்தான் வலிக்காது. இதற்கு ஒரே பதிலை வைத்துக்கொள்ளுங்கள், சிரித்துக்கொண்டு, ஒவ்வொரு வாரமும் அதையே சொல்லுங்கள்: "இருந்தா மொதல்ல ஒங்களுக்குத்தான் பெரியம்மா சொல்லுவேன், இப்ப ஜெபம் மட்டும் பண்ணுங்க." நாலு வாரத்தில் கேள்வி குறையும்.

"விசுவாசம் பத்தல", "வீட்டில ஏதோ மறைவான பாவம் இருக்கு" என்கிறவர்களிடம் சிரிக்க வேண்டிய அவசியமில்லை. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் தரையில் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை அருமையான மனுஷர்கள். வாயைத் திறந்ததும்தான் கெட்டுப்போனது; கடைசியில் நீங்கள் பேசியது சரியில்லை என்று கடவுளே அவர்களிடம் சொல்லும்படி ஆயிற்று. ஏலி ஆசாரியன்கூட அன்னாளைக் குடிகாரி என்று நினைத்தார். ஆசாரியனுக்கே தப்பிப்போகும் என்றால் உங்கள் வீட்டுக்கு வருகிற ஜெபக்குழுத் தலைவருக்குத் தப்பாதா?

யாரோடு பகிர்ந்துகொள்வது என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு அல்லது மூன்று பேர் போதும். வாட்ஸ்அப் ஜெபக்குழுவில் போட்டால் அது இரவுக்குள் அருமனை, குலசேகரம், கொல்லங்கோடு எல்லாம் சுற்றி, கல்ஃபில் இருக்கும் கொழுந்தனிடம் போய், அங்கிருந்து உங்கள் மாமியாருக்கு ஃபோனாக வரும். அந்த இரண்டு பேருக்கும் ஒன்றைச் சொல்லிவையுங்கள்: ஆலோசனை வேண்டாம், மாதம் ஒருதரம் வந்து கூட உட்கார்ந்தால் போதும்.

சாட்சி நேரம்தான் மிகவும் கடினம். பக்கத்து வீட்டுப் பெண் ஒரே உபவாசக் கூட்டத்தில் குழந்தை கிடைத்ததாக மைக்கில் சொல்லும்போது உள்ளே என்னமோ செய்யும். எழுந்து வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள், பாவம் ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போய் அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். பேதுருவைத் தூதன் சிறையிலிருந்து கூட்டிக்கொண்டு வருகிற அதிகாரம், சாட்சிகளில் அடிக்கடி வரும். அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தில் யோவானின் சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றார்கள் என்று ஒரே வரியில் இருக்கிறது. அதே சபை, அதே ஏரோது. யாக்கோபுக்காக யாரும் ஜெபிக்கவில்லையா என்ன? பேதுருவுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தவர்களின் விசுவாசமும் பெரிதாக ஒன்றுமில்லை. பேதுரு கதவைத் தட்டுகிறான், ரோதை என்ற பெண் ஓடிவந்து சொல்கிறாள், அவர்கள் உனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்கிறார்கள்.

‘இல்லை’ என்று வந்தால்

சில சமயம் பதில் வந்துவிடும், நாம் கேட்டதாக இருக்காது. எப்படித் தெரிந்துகொள்வது? கனவு, அடையாளம் என்றெல்லாம் தேடுவதைவிட நடந்ததைப் பார்ப்பது நல்லது. ரேங்க் லிஸ்ட் காலாவதியாகிவிட்டது. விரும்பியவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. நோயாளி இறந்துவிட்டார். இந்த இடத்தில் "ஆண்டவர் இன்னும் அற்புதம் செய்வார்" என்று பிடிவாதம் பிடிப்பது விசுவாசம் போலத் தெரியும், ஆனால் துக்கப்பட வேண்டிய நேரத்தில் துக்கப்படவிடாமல் செய்துவிடும். முடிந்துபோன விண்ணப்பத்துக்கு எதிரே நோட்டில் தேதியைப் போடுங்கள். அழுங்கள். எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே உங்களை யாரும் வற்புறுத்த அனுமதிக்காதீர்கள்.

பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க மூன்றுதரம் கேட்டார், "என் கிருபை உனக்குப்போதும்" என்று வந்தது, அதோடு அந்தக் கேள்வியை விட்டுவிட்டார். கெத்செமனேயில் இயேசுவே பாடுகளின் இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று கேட்டு, நீங்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் டோனாவூரில் பிள்ளைகளுக்கு அடைக்கலம் கொடுத்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931-இல் விழுந்ததிலிருந்து 1951-இல் இறக்கிறவரை பெரும்பாலும் தன் அறையைவிட்டு வெளியே வரமுடியாமலே இருந்தார், அவரைச் சுற்றி ஜெபிக்கிற பிள்ளைகளுக்கா பஞ்சம்? கிறிஸ்தவரான நட்டாலத்து தேவசகாயம் பிள்ளையைச் சங்கிலியில் கட்டிக் கொண்டுபோன வழியில், புலியூர்க்குறிச்சியில் தாகத்தில் அவர் ஜெபித்து முழங்கையால் பாறையில் இடித்தபோது தண்ணீர் வந்ததாகச் சொல்லுவார்கள், முட்டிடிச்சான் பாறையில் இன்றும் போய் அந்தத் தண்ணீரை எடுக்கிறவர்கள் உண்டு. தாகத்துக்குத் தண்ணீர் வந்தது, சங்கிலி கழலவில்லை. 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். ரோமில் புனிதர் என்று அறிவித்தது 2022 மே 15. பதில் வராதவர்களின் பட்டியலில் பெயர் இருப்பது அவமானம் என்று நினைக்கிறவர் இந்தப் பெயர்களை ஒருதரம் வாசித்துக்கொள்ளட்டும்.

அப்படியானால் எப்போது நிறுத்துவது, எதுவரை தொடருவது? என் கணக்கு இது, நீங்கள் மாறுபடலாம். காரியம் உலகத்தில் முடிந்துவிட்டால் அந்த விண்ணப்பத்தை மாற்றுங்கள். அநீதிக்கு எதிரான விண்ணப்பமென்றால், லூக்கா 18-இல் நியாயாதிபதியைத் தொல்லை பண்ணின விதவையைப்போல விடாமல் போங்கள், ஜெபத்திலும் போங்கள், ஆபீசுக்கும் போங்கள். மனுஷருக்காக ஜெபிப்பது என்றால் அவர் உயிரோடு இருக்கிறவரை நிறுத்தாதீர்கள். மோனிக்கா தன் மகன் அகுஸ்தீனுக்காக வருஷக்கணக்காக அழுதார், அவர் 387-இல் ஞானஸ்நானம் பெற்றார், அதே வருஷம் மோனிக்கா இறந்தார். ஒரு எச்சரிக்கை மட்டும்: குடித்துவிட்டு அடிக்கிறவரோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டுதான் அவருக்காக ஜெபிக்க வேண்டும் என்பதில்லை. அம்மா வீட்டிலிருந்து ஜெபித்தாலும் கேட்கும்.

பதில் வந்த பிறகு

அன்றைக்கே, ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திராமல், கூட உட்கார்ந்த அந்த இரண்டு மூன்று பேரையும் ஃபோனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். குணமான பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பி வந்தவன் ஒருவன்தான், அதுவும் சமாரியன். நோட்டில் தேதி போடுங்கள். சபையில் சாட்சி சொல்ல அழைத்தால் மூன்று நிமிஷத்துக்குள் சொல்லுங்கள், அதில் எத்தனை வருஷம் ஆனது என்பதையும், நடுவில் ஜெபிக்கவே முடியாமல் போன மாதங்களையும், எந்த டாக்டர், எந்த மருந்து என்பதையும் விட்டுவிடாதீர்கள், "ஒரே ஜெபத்தில்" என்று சுருக்கிவிடாதீர்கள். கூட்டத்தில் இன்னும் காத்திருக்கிறவர் யார் என்று உங்களுக்குத் தெரியும் அல்லவா, அவரிடம் முந்தின நாளே தனியாகப் போய்ச் சொல்லிவிடுங்கள், மைக்கில் முதல்முறையாகக் கேட்க வைக்காதீர்கள்.